கவ்வாத்துக்காரன் தீட்டிய கோடாலி

சிவசக்தியின் வீட்டில் இரண்டு கோடாலிகள் உண்டு. ஒன்றின் பெயர் மெலிஞ்சான், மற்றது குண்டன். பெயர் வைத்தது அவள்தான். பிள்ளை இல்லாத வீட்டில் வேறு யாருக்குப் பெயர் வைப்பது என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

மெலிஞ்சான் அவளுடைய மாமனார் காலத்தில் வீட்டுக்கு வந்தது. ஒடுங்கிய தலை, மெல்லிய வாய். கிளையை வெட்ட, விழுந்த மரத்தைக் குறுக்கே தறிக்க, வேலிக் கம்பைக் கூராக்க அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் குற்றியை நிறுத்திவைத்து உச்சியில் போட்டால் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். வெளியே எடுக்க ஒரு பொழுது வேண்டும். குண்டன் இதற்கு நேர்மாறு. எட்டு றாத்தல் எடை. கன்னம் இரண்டும் உப்பியிருக்கும், வாய் மொண்ணை. அதைக்கொண்டு ஒரு கிளையை வெட்டப் போனால் கிளை நசுங்குமே தவிர அறாது. குற்றியின் மேல் விழுந்தாலோ குற்றி இரண்டாகிவிடும். மெல்லியது நாரை அறுக்கும், தடித்தது நாரை விலக்கும். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவு விஷயம் அவளுடைய புருஷனுக்குப் புரிய இருபது வருடம் போதவில்லை.

புருஷன் பெயர் ஜெயகுமார். மடுல்சீமைப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் தோட்டத்தில் கவ்வாத்து வேலைக்கு அவனை மிஞ்ச ஆளில்லை என்று துரையே சொல்லியிருக்கிறார். சில வருடங்களுக்கு ஒரு தடவை தேயிலைச் செடியின் கிளைகளையெல்லாம் கத்தியால் வெட்டிச் செடியைக் குட்டையாக்கிவிட வேண்டும். அதுதான் கவ்வாத்து. வெட்டு சாய்வாகவும் வழவழவென்றும் இருக்க வேண்டும். கத்தியில் கூர் குறைந்தால் கிளை பிளந்துவிடும். பிளந்த கிளைக்குள் மழைத் தண்ணீர் இறங்கும், செடி அழுகிப் போகும். அதனால் கவ்வாத்து மலையில் ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் அவனுடைய அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுக்கத் தேவையில்லை. "பொளந்துட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

ஜெயகுமார் இருபத்து நான்கு வருடமாக ஒரு கிளையையும் பிளந்ததில்லை. அவனுடைய கத்தி முன்னங்கை மயிரை வழிக்கும். மயிரை வழிக்காத எதையும் அவன் ஆயுதமென்று மதிக்க மாட்டான். ஒரு தடவை தேங்காய் துருவும் பலகையின் பல்லைக்கூடத் தீட்டிவைத்துவிட்டான். அன்றைய சம்பலில் தேங்காயோடு சிவசக்தியின் விரல் தோலும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் அவனிடம் விறகு பிளந்து தரச் சொன்னாள். அவன் மெலிஞ்சானை எடுத்துக்கொண்டு போய், கட்டையை நெடுக்கே பிளக்க மனம் வராமல், குறுக்கே குறுக்கே தறித்து, கரட் நறுக்கினதுபோல வட்டம் வட்டமாகக் கொண்டுவந்து வைத்தான். ஒவ்வொரு வெட்டும் கண்ணாடி. பச்சை வட்டங்கள் அடுப்பில் புகைந்தனவே தவிர எரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவசக்தி எழுந்து போய் மிச்சக் கட்டையைத் தானே பிளந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது அவள் வேலை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் லயம். லயத்துப் பெண்களுக்கு விறகு என்றால் பெரும்பாலும் மிலாறுதான், அதாவது கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. கட்டிச் சுமந்துவந்து ஒடித்து அடுப்பில் வைத்தால் சரி. சிவசக்திக்கு அதில் ருசி இல்லை. அவளுக்குக் கட்டை வேண்டும். புதுக் குற்றி ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சுற்றி வந்து பார்ப்பாள். தலையில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது, வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது. பார்த்துவிட்டு ஒரே போடு. சரியாக விழுந்தால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பிளக்கலாம் என்பாள். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் இராக்கம்மா அக்கா, "ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடி" என்பாள். பிறகு தன் வீட்டுக் கட்டையையும் உருட்டிக்கொண்டு வந்து போடுவாள்.

நாடு முழுக்க சமையல் வாயு இல்லாமல் போன வருடம் அந்தக் கிறுக்குக்கு மரியாதை வந்தது. பக்கத்து டவுனான லுணுகலையில் குவாட்டர்ஸில் இருந்தவர்கள் விறகு விறகென்று அலைந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த யசோதினி டீச்சர், ஆள்விட்டு சிவசக்தியைக் கூப்பிட்டார். மெலிஞ்சானைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பிளந்தாள். குற்றிக்கு இரண்டு தடவையாவது அது சிக்கிக்கொண்டு உயிரை வாங்கியது. நல்ல கோடாலியாக ஒன்று வாங்கலாமென்று பதுளைக்குப் போய் ஹாட்வெயார் கடையிலும் பார்த்தாள். செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பிடி போட்ட கோடாலி ஒன்றைக் கடைக்காரர் நீட்டினார். பார்வைக்குக் கல்யாண மாப்பிள்ளை. கையில் பிடித்துப் பார்த்தாள். வியர்வை பட்டால் வழுக்கும், தலை இலேசு, வாயும் மெல்லிசு. மெலிஞ்சானுக்குச் சட்டை மாட்டிவிட்டதுபோல இருந்தது. வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தாள்.

குண்டன் கிடைத்தது டீச்சரின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். டீச்சரின் அண்ணன் கனடாவில் இருப்பவர். சொக்லேட்டும் சவர்க்காரமும் கொண்டுவர வேண்டிய பெட்டியில், குளிர் ஊரில் இருக்கும் தங்கைக்கு உதவுமென்று எட்டு றாத்தல் கோடாலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். டீச்சரால் அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கக்கூட முடியவில்லை. சிவசக்தி இழுத்தெடுத்து, முற்றத்தில் நின்ற டர்பன்டைன் மரக் குற்றியில் ஒரு போடு போட்டாள். குற்றி இரண்டு பக்கமும் சாய்ந்தது. அவள் அப்படியே நின்றாள். பதினெட்டு வருடம் தப்பான ஆளோடு மல்லுக்கட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கியது. இடமாற்றம் கிடைத்து ஊருக்குப் போகும்போது டீச்சர் சொன்னார்: "இதை நீங்களே வச்சிருங்கோ சிவசக்தி. நான் கொண்டுபோனால் பஸ்காரன் ரெண்டு டிக்கெட் கேப்பான்."

வீட்டுக்கு வந்த குண்டனை ஜெயகுமார் பெருவிரலால் தடவிப் பார்த்தான். முகம் சுண்டிப்போனது.

"என்ன சக்தி, இதுல வாழப்பழங்கூட வெட்ட முடியாதே. குடு, ஒரு மணிநேரத்துல வாயி வச்சிருறேன்."

"தொட்டீங்கன்னா சோறு கெடைக்காது," என்றாள். "ஒங்க கத்தி வெட்டணும். இது தள்ளணும். கூரா இருந்தா உள்ள போய் ஒக்காந்துக்கும்."

அவன் தலையை ஆட்டினான். நம்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் கோடாலியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

இதற்கிடையில் சிவசக்தியின் முழங்கால் போய்விட்டது. ஒரு மழைநாளில் கொழுந்துக் கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்த டாக்டர், தட்டையான இடத்தில் நிற்கலாம், நடக்கலாம், மலை மட்டும் ஏறக்கூடாது என்றார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவளிடம் மலை ஏறாதே என்பது, கடலில் மீன் பிடிக்கிறவனிடம் தண்ணீரில் இறங்காதே என்பதுபோலத்தான். நாற்று மேடையிலும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவிலும் ஆள் நிறைந்திருந்தது. ஒருவர் உழைப்பில் வீடு ஓடவில்லை. இராக்கம்மா அக்காவின் தங்கச்சி மூலமாகக் கொழும்பில் வீட்டு வேலை ஒன்று வந்தது.

"ரெண்டே பேருதான் வூட்ல. மலை கெடையாது, படிகூட கெடையாது," என்றாள் இராக்கம்மா அக்கா. "புதங்கெழம வேன் வருது. என்னன்னு சொல்லட்டும்?"

"திங்கக்கெழமைக்குள்ள சொல்றேங்க்கா."

சிவசக்திக்குப் போக விருப்பமில்லை. வருடத்தில் தீபாவளிக்கு நான்கு நாள், பொங்கலுக்கு இரண்டு நாள் என்று வந்து போகிற பெண்களை அவளுக்குத் தெரியும். சொந்த வீட்டிலேயே தேயிலை டப்பா எங்கே இருக்கிறதென்று கேட்பார்கள். ஜெயகுமாருக்கு அவளை அனுப்ப விருப்பமில்லை. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய முழங்காலுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பாளே.

பதில் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தேயிலையைக் காயவைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். சிவசக்தி நேராக டீமேக்கரிடம் போனாள். டீமேக்கர் தனேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலையைப் பக்குவம் பண்ணுகிற பொறுப்பு முழுக்க அவருடையது. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"பொம்பிளையாள் ஒராள் விறகு கொத்துறதோ? முப்பது வருசத்தில நான் காணேல்லை."

"இப்ப பாருங்க ஐயா," என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாரும். ஐம்பது குத்தி போட்டு வைப்பன். பன்ரெண்டு மணிச் சங்கு ஊதமுன்னம் முடிச்சால் வேலை உமக்கு. தனியாய்த்தான் கொத்தவேணும். வேற ஆக்கள் குத்தியில கை வைக்கக் கூடாது. விளங்குதோ?"

விறகுக் கொட்டகை தொழிற்சாலைக்குப் பின்னால், நல்ல தட்டையான நிலத்தில் இருந்தது. லயத்திலிருந்து ஐந்து நிமிட நடை. சிவசக்தி கணக்குப் போட்டுப் பார்த்தாள். குண்டன் கையிலிருந்தால் ஐம்பது குற்றிக்கு மூன்று மணிநேரம் போதும். அன்றைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

தூக்கம் வராதவன் ஜெயகுமார். அவள் இல்லாத காம்பராவை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் குற்றியைத் தொடக்கூடாது. பயந்துபோன மனிதன் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வான். இவனுக்குத் தெரிந்தது தீட்டுவது. அதோடு இன்னொரு நினைப்பும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்திலேயே பேர்போன கவ்வாத்துக்காரனின் பெண்சாதி, டீமேக்கர் முன்னால் மொண்ணைக் கோடாலியோடு போய் நின்றால் ஊர் என்ன சொல்லும்?

ஞாயிற்றுக்கிழமை சிவசக்தி முழங்காலுக்குத் தைலம் வாங்க லுணுகலைக்குப் போனாள். அவள் பஸ் ஏறியதும் அவன், மலைத்தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலிக்கரையில் குண்டனோடு உட்கார்ந்தான். முதலில் அரத்தால் இரண்டு கன்னங்களையும் இழைத்தான். பிறகு முரட்டுக் கல், அதன் பிறகு மெல்லிய கல், கடைசியாக எண்ணெய் தடவிய கல். ஐந்து மணிநேரம். தண்ணீர் பிடிக்க வந்த இராக்கம்மா அக்கா, "என்னப்பா, பொண்டாட்டிக்கு நகை செய்றியா?" என்று கேட்டாள். "ஆமாக்கா," என்றான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். முன்னங்கையில் வைத்து இழுத்துப் பார்த்தான், மயிர் வழிந்தது. சாக்கில் சுற்றிக் கட்டி வைத்தான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவனே அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "அங்க போய்ப் பாரு," என்று சிரித்தான். பிடிக்கு எண்ணெய் போட்டிருப்பான் என்று அவள் நினைத்தாள்.

கொட்டகையில் ஐம்பது டர்பன்டைன் குற்றிகள் கிடந்தன. டீமேக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். சிவசக்தி முதல் குற்றியை நிறுத்தி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கை உருவி எறிந்துவிட்டுப் பார்க்காமலே குண்டனை ஓங்கினாள். போட்டாள்.

அந்தச் சத்தம் வரவில்லை. சதக் என்று ஒரு சத்தம். கோடாலி நான்கு விரல் ஆழத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. குற்றி அசையவில்லை. ஈரம் கூடின குற்றி போலிருக்கிறது என்று நினைத்து ஆட்டி ஆட்டி இழுத்தெடுத்தாள். அடுத்த குற்றியிலும் அதே கதை. மூன்றாவதும் அப்படியே. அப்போதுதான் முந்தானையால் துடைத்துவிட்டுக் கோடாலியின் வாயைப் பார்த்தாள். அது வெயிலில் பளபளவென்று மின்னியது. கன்னத்துச் சதையெல்லாம் வாய்ப்பக்கம் வற்றிப் போயிருந்தது.

"இத என்னங்க பண்ணுனீங்க?"

வேலியோரம் நின்ற ஜெயகுமாருக்கு அவளுடைய குரலே சொல்லிவிட்டது. "தீட்டுனேன்."

"எதுக்கு?"

"மொண்ணையா இருந்துச்சு சக்தி..."

"மொண்ணையாத்தாங்க இருக்கணும்!" கத்திவிட்டாள். தொழிற்சாலைக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். "அது மொண்ணையா இருந்தாத்தான் நான் இங்க இருப்பேன். நீங்க தீட்டித் தீட்டி என்னைய வேன்ல ஏத்தப் போறீங்க!"

அவனுடைய முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு வருடமாகத் தலையில் ஏறாதது ஒரே நொடியில் ஏறிவிட்டது. சிவசக்திக்கு ஒருபக்கம் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, இன்னொரு பக்கம் அழுகை வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. இன்னும் அரைமணி நேரம் அந்தக் கோடாலியோடு போராடினாள். உச்சியில் போடாமல் ஓரம் ஓரமாகப் போட்டு நான்கு குற்றியை முடித்தாள். தோள்பட்டை எரிந்தது. இப்படிப் போனால் சங்கு ஊதும்போது பாதிக் குற்றி மிச்சமிருக்கும்.

கோடாலியைக் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினாள்.

"நீங்க வச்ச வாயி. நீங்களே எடுங்க."

"என்னாது?"

"பெக்டரிச் சாணையில வச்சு இந்த மெல்லிசு அத்தனையும் தேச்சுத் தள்ளுங்க. பெருவெரல் வச்சு அமுக்குனாக்கூட அறுக்கக் கூடாது."

டீமேக்கர் சத்தம் கேட்டு வெளியே வந்திருந்தார். சாணைக்கு அனுமதி கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார். "ஏன், கூர் காணாதோ?"

"கூடிப்போச்சுங்க ஐயா."

"கூர் கூடிப்போச்செண்டு ஒராள் முறைப்பாடு சொல்லி இப்பதான் கேக்கிறன்," என்றார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. "ஆயுதத்தை ஆரும் திருத்தலாம். குத்தியில மட்டும் கை வைக்கக் கூடாது. நேரம் ஓடுது, அதை நான் நிப்பாட்டேலாது."

ஜெயகுமார் சாணைக் கல்லுக்கு முன்னால் நின்றான். வாழ்நாள் முழுக்கக் கூர் குறையாமல் பார்த்துக்கொள்வதற்கே பாடுபட்டவன். கல்லைச் சாய்த்துப் பிடித்துத்தான் அவனுக்குப் பழக்கம். இப்போது வாயை நேருக்கு நேராகக் கல்லில் வைத்து அழுத்த வேண்டும். கை ஒருதடவை பின்வாங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வைத்தான். பொறி பறந்தது. முந்தினநாள் ஐந்து மணிநேரமாகப் போட்டதை அரைமணி நேரத்தில் தின்று தீர்த்தான். நடுவில் தண்ணீரில் தோய்த்து ஆறவைத்தான். மெல்லிசெல்லாம் போய்த் தடிப்பு தட்டுப்படும்வரை விடவில்லை. அவன் கண் கலங்கியிருந்ததைச் சாணைக்காரர் பார்த்தார். பொறி பட்டதென்று சொன்னான். இருக்கலாம்.

அந்த அரைமணி நேரம் சிவசக்தி சும்மா நிற்கவில்லை. குற்றிகளை ஒவ்வொன்றாக உருட்டி, வெடிப்பு ஓடும் பக்கம் மேலே வரும்படி வரிசையாக நிறுத்தினாள். கணு விழுந்த மூன்றை ஒதுக்கி வைத்தாள். மூன்றிலும் நார்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து முடிச்சாகிக் கிடந்தன.

"என்ன, கோயில் வரிசை மாதிரி அடுக்கிக்கொண்டு நிக்கிறீர்?" என்றார் டீமேக்கர்.

"எது எந்தப் பக்கம் தெறக்கும்னு பாத்து வைக்கிறேங்க. கோடாலி வந்தா யோசிக்க நேரமிருக்காது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் உள்ளே போகவில்லை.

ஒன்பதே கால் தாண்டி ஜெயகுமார் ஓடிவந்தான். கோடாலி பார்க்கவே அசிங்கமாக இருந்தது. வாயெல்லாம் கீறல், நுனி மழுங்கிச் சப்பட்டை. அவள் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். அறுக்கவில்லை. வரிசையின் முதல் குற்றிக்கு முன்னால் கால்களை அகட்டி நின்று, தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய், விட்டாள். தூக்குவதுதான் நம் வேலை, விழுவது அதன் வேலை என்பது அவள் கணக்கு.

டப்பென்று வந்தது அந்தச் சத்தம். குற்றி இரண்டாகி இரண்டு பக்கமும் உருண்டது. ஜெயகுமாரின் தோள் ஒருதடவை குலுங்கியது. இருபத்து நான்கு வருடப் பழக்கம். பிளக்கிற சத்தம் கேட்டால் யாரோ திட்டப்போகிறார்கள் என்று உடம்புக்குள் ஒன்று பதறும். யாரும் திட்டவில்லை. அவன் மூச்சை விட்டான்.

அதன் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. போடு, திருப்பு, போடு, தள்ளு. அடுத்தது. ஒரு போடுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கக்கூட இடம் வைக்கவில்லை. முழங்கால் கொஞ்சம் முனகியது. மலையில்லை, தட்டைதான், பொறுத்துக்கொள் என்று அதற்குச் சொன்னாள். தொழிற்சாலைக்குள் இருந்தவர்கள் தேநீர் நேரத்தில் வெளியே வந்து கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். யாரோ எண்ணத் தொடங்கினார்கள். முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.

பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது வரிசை முடிந்துவிட்டது. மிச்சம் அந்த மூன்று கணுக்குற்றிகள்.

"அதுகளும் சேர்த்துத்தான் ஐம்பது," என்றார் டீமேக்கர். நியாயமான மனிதர்தான், ஆனால் சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர்.

"தெரியுங்க ஐயா. இது பொளக்குற குத்தி இல்ல, உரிக்கிற குத்தி." அவள் நடுவில் போடவில்லை. கணுவைச் சுற்றி ஓரத்திலிருந்து ஒரு சிராய், அடுத்த பக்கத்தில் ஒரு சிராய் என்று சுற்றிச் சுற்றி உரித்தாள். கடைசியில் முடிச்சு மட்டும் கைக்கடக்கமாக மிஞ்சியது. அடுப்பு வாய்க்குள் அது தாராளமாகப் போகும். ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதை நிறுத்திக் கோடாலியைத் தூக்கினாள்.

சங்கு ஊதியது.

அவள் கோடாலியை இறக்கி வைத்தாள். ஒன்றே ஒன்று. தீட்டிய நேரமில்லாவிட்டால் பதினொரு மணிக்கே முடிந்திருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். வேலியோரம் நின்றவனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள்.

டீமேக்கர் கொட்டகைக்குள் வந்தார். மிஞ்சிய குற்றியைக் காலால் உருட்டிப் பார்த்தார். பிறகு உரித்துப் போட்ட முடிச்சு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னம் இருந்தவன் இப்பிடிக் கட்டையளையெல்லாம் அடியில ஒளிச்சு வைச்சிட்டுப் போறவன்," என்றார். "பின்னுக்குப் போய்ப் பாரும், ஒரு குவியல் கிடக்கு."

சிவசக்தி கொட்டகையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்து முதல்ல இந்த ஒண்டை முடியும். பிறகு அந்தக் குவியலைத் தொடங்கலாம்." இரண்டடி போனவர் திரும்பி ஜெயகுமாரைப் பார்த்தார். "தம்பி, நாளைக்கு நீர் உம்மட கவ்வாத்து மலைக்குப் போம். இஞ்சால் பக்கம் வந்து ஒண்டையும் தீட்டவேண்டாம்."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயகுமாரும் சிரித்தான். சிவசக்தி அங்கேயே ஒரு குற்றியின் மேல் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்தான்.

லயத்துக்குத் திரும்பும்போது குண்டனை அவன்தான் சுமந்தான். சாக்கில் சுற்றவில்லை. கீறல் விழுந்த அந்த மொண்ணை வாயை ஊரே பார்க்கும்படி தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பாதி வழியில் அவள் சொன்னாள், "ஒங்க கத்தியும் ஒரு நாளைக்கு நான் தீட்டித் தரவா?" அவன் பதறிப்போய்ப் பார்த்தான். அவள் சிரிப்பதைக் கண்ட பிறகுதான் உயிர் வந்தது.

காம்பரா வாசலில் இராக்கம்மா அக்கா காத்துக்கொண்டு நின்றாள். கையில் போன்.

"கொழும்புலருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. திங்கக்கெழமை ஆயிருச்சு. என்னன்னுடி சொல்லட்டும்?"

சிவசக்தி வாயைத் திறப்பதற்குள் ஜெயகுமார் முந்திக்கொண்டான். தோட்டத்தில் யாரையும் பார்த்து அவன் நல்லபடியாகச் சொல்லியே இராத வார்த்தையை, லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"எம் பொண்டாட்டி பொளந்துட்டான்னு சொல்லுங்கக்கா!"

கவ்வாத்து முடிந்து பீலியில் கைகால் கழுவிக்கொண்டிருந்த நான்கைந்து பேர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சிவசக்தி உள்ளே போய், கொழும்புக்கென்று கட்டிலுக்கு அடியில் கட்டிவைத்திருந்த பையை இழுத்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.